உடைமையும் உரிமையும்: பொருளியல் அறிஞர் அண்ணல் அம்பேத்கர்

அண்ணல் அம்பேத்கர் என்றவுடன் அரசியல் சட்டத்தை உருவாக்கிய சிற்பி என்ற நினைவே நம் நெஞ்சில் முதலில் எழுகிறது. தீண்டாமையை எதிர்த்துப் போராடியவர், புத்த நெறி தழுவியவர் என்னும் நினைவுகள் அடுத்து எழுகின்றன. ஆனால் அவர் இரு கண்டங்களில் முதன்மையாகக் கற்றது பொருளியலே என்பதும், அவர் பெற்ற உயர் பட்டங்கள் பொருளியல் ஆய்வுகளுக்காகவே வழங்கப்பட்டன என்பதும் நம் இளைஞர்களில் பலர் அறியாத செய்திகளாகும். நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், அப்பெருமகனாரின் வாழ்வை இக்கோணத்திலிருந்து நோக்குவது பயனுடைத்து எனக் கருதுகிறோம்.

ஒரு நாடு எதனால் செல்வம் பெறுகிறது? மண்வளமும் நீர்வளமும் கனிவளமும் வேண்டியவையே. எனினும் அவை இருந்தும் வறுமையில் வாடும் நாடுகள் உண்டு. உழைப்பவன் தனக்கேற்ற தொழிலைத் தேர்ந்துகொள்ளவும், ஈட்டிய பொருளைத் தனதென வைத்துக்கொள்ளவும், அதனை வாங்கவும் விற்கவும், தன் மக்களுக்கு விட்டுச் செல்லவும் உரிமை பெற்றிருக்கும் நாட்டில் உழைப்பும் சேமிப்பும் பெருகுகின்றன. இது பொருளியலார் பலரும் ஒப்பும் கருத்து. அவ்வாறாயின், தன் மக்களுள் கோடிக்கணக்கானோருக்கு இவ்வுரிமைகள் அனைத்தையும் தலைமுறை தலைமுறையாக மறுத்துவந்த நாட்டின் நிலை யாது? அண்ணலின் வாழ்வு முழுவதும் இவ்வினாவுக்கு விடை தேடிய வாழ்வு எனலாம்.

காசிருந்தும் கிடைக்காத தண்ணீர்

1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், இன்றைய மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மாவ் நகரில் அண்ணல் பிறந்தார். தந்தை ராம்ஜி சக்பால் இராணுவத்தில் சுபேதாராகப் பணியாற்றியவர். தாயார் பீமாபாய். அவர்களுடைய பூர்வீகம் கொங்கணக் கடற்கரையின் இரத்தினகிரி மாவட்டம். தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட மகர் குலத்தினர் அவர்கள்.

1901-ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியை அண்ணல் பிற்காலத்தில் தாமே எழுதி வைத்துள்ளார். அப்போது அவருக்கு ஏறத்தாழப் பத்து வயது. தந்தையார் கோரேகானில் காசாளராகப் பணியாற்றி வந்தார். பஞ்ச நிவாரணத்துக்காக அங்கே ஒரு குளம் வெட்டப்பட்டு வந்தது. விடுமுறையில் அவரைக் காணச் சிறுவர்கள் புத்தாடை அணிந்து இரயிலேறிச் சென்றனர். மசூர் நிலையத்தில் இறங்கியபோது அழைத்துச் செல்ல எவரும் வரவில்லை. பிள்ளைகளின் குலம் தெரிந்தவுடன் வண்டிக்காரர் ஒருவரும் அவர்களை ஏற்றிச்செல்ல இசையவில்லை. முடிவில் இரட்டிப்பு வாடகை பேசப்பட்டது. அப்போதும் சிறுவர்களே வண்டியை ஓட்ட வேண்டும், வண்டிக்காரன் உடன் நடந்து வருவான் என்பதே உடன்பாடு. இரவிலும் பயணம் நீண்டது. கட்டுச்சோறு இருந்தது, குடிக்கத் தண்ணீர் தருவார் இல்லை.

பணம் எவர் கையில் இருப்பினும் அதன் மதிப்பு ஒன்றே என்பது பொருளியலின் அரிச்சுவடி. அச்சிறுவர்களின் கையில் இருந்த காசோ இரண்டு மடங்கு கொடுத்தும் பாதிப் பயனையே வாங்கிற்று. தண்ணீரை வாங்கவே இல்லை. தந்தை குளம் வெட்டும் பணிக்குக் கணக்கெழுத, மகன் தாகத்தோடு பயணம் செய்தான். சாதி என்பது கோயில் வாயிலில் மட்டும் நிற்பதன்று, கடைத்தெருவிலும் வண்டிப்பேட்டையிலும் நிற்பது என்னும் பாடத்தை அண்ணல் இளமையிலேயே கற்றார்.

கற்ற கல்வியும் மூடிய கதவுகளும்

1907-இல் மெட்ரிகுலேஷன் தேர்விலும், 1912-இல் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று பி.ஏ. தேர்விலும் அண்ணல் வெற்றி பெற்றார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் வழங்கிய உதவித்தொகையால் 1913-இல் நியூயார்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்றார். பேராசிரியர் செலிக்மன் போன்ற பொருளியல் அறிஞர்களிடம் பயின்று 1915-இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். கிழக்கிந்தியக் கம்பெனியின் நிருவாகமும் நிதியும் பற்றியதே அவர் அப்பட்டத்துக்காக எழுதிய ஆய்வுரை. 1916-இல் இலண்டன் பொருளியல் பள்ளியில் சேர்ந்தார். உதவித்தொகையின் காலம் முடிந்துவிட்டமையால் படிப்பு நிறைவேறாமலே 1917-இல் தாயகம் திரும்ப நேரிட்டது.

உடன்பாட்டின்படி பரோடா அரசில் பணியேற்றார். உயர் பதவி, நல்ல ஊதியம். ஆனால் அந்நகரில் தங்குவதற்கு ஓர் அறை கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் தம் குலத்தை மறைத்து வேற்றுப் பெயரில் தங்கினார். செய்தி தெரிந்ததும் தடிகளோடு வந்த ஒரு கூட்டம் அன்று மாலைக்குள் வெளியேறுமாறு மிரட்டிற்று. நண்பர் வீட்டிலும் இடம் கிடைக்கவில்லை. பொதுத் தோட்டத்தில் மரத்தடியில் அமர்ந்திருந்துவிட்டு, அன்றிரவே பம்பாய்க்கு இரயில் ஏறினார்.

பம்பாயில் பங்கு வணிகம் பற்றி ஆலோசனை கூறும் தொழில் ஒன்றைத் தொடங்கினார். அவர் தீண்டத்தகாதவர் எனத் தெரிந்ததும் வாடிக்கையாளர் வருகை நின்றது, தொழிலும் நின்றது. 1918-இல் சைடன்ஹாம் கல்லூரியில் பொருளியல் பேராசிரியரானார். மாணவர் அவர் சொற்பொழிவைப் போற்றினர். உடன் பணியாற்றிய சிலரோ, அவர் பொதுப் பானையில் தண்ணீர் அருந்துவதை எதிர்த்தனர்.

இந்நிகழ்ச்சிகளை அவமானக் கதைகளாக மட்டும் நாம் படித்துவிடக் கூடாது. வாடகைக்கு வீடு, ஒரு தொழில், பணியிடம் ஆகிய மூன்றும் பொருளாதாரச் சுதந்திரத்தின் அடிப்படைகள். உலகின் சிறந்த பல்கலைக்கழகங்களில் பயின்ற ஒருவருக்கே இம்மூன்றும் மறுக்கப்பட்டனவெனில், எழுத்தறியாத ஏழை உழவனுக்கு என்ன மிஞ்சியிருக்கும்? அவ்வறிவையும் உழைப்பையும் பயன்கொள்ளாது தள்ளிய நாடே அதனால் பெரிதும் இழந்தது.

பேராசிரியர் ஊதியத்தில் மிச்சம் பிடித்த பொருளோடும் கோலாப்பூர் மன்னர் சாகு மகராசரின் உதவியோடும் 1920-இல் அண்ணல் மீண்டும் இலண்டன் சென்றார். 1921-இல் எம்.எஸ்ஸி. பட்டமும் 1923-இல் டி.எஸ்ஸி. பட்டமும் பெற்றார். பாரிஸ்டர் பட்டமும் பெற்றுத் திரும்பினார். கொலம்பியாப் பல்கலைக்கழகம் 1927-இல் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கிற்று.

நூல்கள் உணர்த்தும் உண்மைகள்

1918-இல் இந்தியாவின் சிறு நிலவுடைமைகள் பற்றி அண்ணல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நிலங்கள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடப்பதே உழவின் வீழ்ச்சிக்குக் காரணம். அவற்றை ஒன்று சேர்த்துப் பெரிதாக்கினால் போதும் எனப் பலர் அப்போது வாதிட்டனர். அண்ணல் வேறு வகையில் சிந்தித்தார். நிலத்தின் பரப்பளவை மட்டும் கொண்டு அது சிறிதா பெரிதா என முடிவு செய்ய இயலாது. அதில் இடப்படும் உழைப்பும் மாடும் கலப்பையும் முதலும் நிலத்துக்குப் பொருத்தமான அளவில் உள்ளனவா என்றே பார்க்க வேண்டும். நம் நாட்டிலோ வேறு வேலையின்மையால் அளவுக்கு மீறிய மக்கள் நிலத்தையே நம்பிக் கிடக்கின்றனர். தொழில்கள் பெருகி அம்மக்களை ஈர்த்துக்கொண்டாலன்றி உழவு தழைக்காது என்பது அவர் கண்ட முடிவு.

1923-இல் வெளிவந்த ரூபாயின் சிக்கல் பற்றிய நூல் அவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தது. நாணயத்தின் மதிப்பு வீழும்போது பண்டங்களின் விலை உடனே ஏறுகிறது. கூலியோ அவ்வளவு விரைவில் ஏறுவதில்லை. ஆதலின் வணிகர் பெறும் ஆதாயத்தின் சுமை கூலியாளின் தலையில் விழுகிறது. அரசு நினைத்தவாறு நாணயத்தைப் பெருக்க இயலாதபடி வரம்பு கட்ட வேண்டும் என அண்ணல் வலியுறுத்தினார். ஏழையின் முடிச்சில் இருக்கும் நாலு காசும் அவனுடைய உடைமையே. அதன் மதிப்பைக் குறையாமல் காப்பதும் உடைமைப் பாதுகாப்பே என்பதை நாம் இந்நூலிலிருந்து உணரலாம். 1925-இல் இந்திய நாணயம் பற்றி ஆராய வந்த ஹில்டன் யங் குழுவின் முன்னும் அண்ணல் சாட்சியம் அளித்தார்.

1936-இல் வெளியிட்ட சாதி ஒழிப்பு நூலில், சாதி முறை பொருளாதாரத்துக்கு நன்மை செய்கிறது என்ற வாதத்தை அண்ணல் தகர்த்தார். தொழிற்பிரிவினை எல்லா நாகரிகச் சமுதாயங்களிலும் உண்டு. சாதியோ தொழிலைப் பிரிப்பதோடு நில்லாமல், தொழிலாளரையே பிறப்பால் பிரித்து மேல் கீழாக அடுக்குகிறது. நலிந்த தொழிலில் இருப்பவன் வளரும் தொழிலுக்கு மாற இயலாது. விருப்பமும் திறமையும் கருதப்படுவதில்லை. வேலையின்மை வளர்கிறது, செய்யும் தொழிலில் ஒருவனுக்கு வெறுப்பே மிஞ்சுகிறது. இத்தகைய நாட்டில் செல்வம் எவ்வாறு பெருகும்?

குளம் யாருடையது?

பொது இடங்களைத் தீண்டத்தகாதோரும் பயன்படுத்தலாம் எனப் பம்பாய்ச் சட்ட மேலவை 1923-இல் தீர்மானித்தது. மகாடு நகராட்சி தன் சவுதார் குளத்தை அவர்களுக்குத் திறந்துவிடுவதாக 1924-இல் முடிவு செய்தது. ஏட்டில் எழுதிய உரிமை ஏட்டிலேயே இருந்தது. 1927 மார்ச் 20-ஆம் நாள் அண்ணலும் ஆயிரக்கணக்கான மக்களும் ஊர்வலமாகச் சென்று அக்குளத்து நீரைப் பருகினர். சாதி இந்துக்கள் மக்களைத் தாக்கினர். பின்னர்க் குளத்துக்குத் தீட்டுக் கழித்தனர். நகராட்சியும் தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது.

இதன் பின்னர் நடந்ததே நம் கருத்துக்கு இன்றியமையாதது. அக்குளம் தங்களுடைய தனி உடைமை என்று கூறிச் சாதி இந்துக்கள் வழக்குத் தொடுத்தனர். ஊர்ப் பொதுச்சொத்து ஒன்றைச் சிலர் தமதென உரிமை கொண்டாடி, பிறரை விலக்க அவ்வுரிமையையே கருவியாக்கினர். வழக்கு பத்தாண்டுகள் நடந்தது. 1937-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் குளம் தனியார் உடைமை அன்று எனவும், தீண்டத்தகாதோரை விலக்கும் தொன்மையான வழக்கம் மெய்ப்பிக்கப்படவில்லை எனவும் தீர்ப்பளித்தது.

1927 டிசம்பர் 25-ஆம் நாள் மகாடு மாநாட்டில் மனுநூல் எரிக்கப்பட்டதற்கும் இங்கே ஒரு தொடர்பு உண்டு. சூத்திரன் ஆற்றலுடையவனாயினும் பொருள் சேர்க்கலாகாது என விதித்த நூல் அது. உழைத்தவனின் பொருளுக்குப் பாதுகாப்பில்லை என்பதையே அறமாகச் சொன்ன அந்நூலைக் கொளுத்தியதை, பொருளாதார விடுதலையின் முழக்கமாகவும் நாம் கொள்ளலாம்.

விலங்காக மாறிய நிலம்

நிலம் இருந்தால் மட்டும் ஒருவன் சுதந்திரன் ஆகிவிடுவானா? இதற்கு மகர் வதன் முறை தெளிவான விடை தருகிறது. பம்பாய் மாகாணத்து மகர்களுக்கு ஊர்ப்பணிக்கு ஈடாகச் சிறு நிலத்துண்டுகளும், ஊராரிடமிருந்து தானியம் பெறும் உரிமையும் இருந்தன. அதற்குக் கைம்மாறாக அவர்கள் இரவு பகல் எந்நேரமும் அரசு அலுவலரின் அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும். குடும்பத்தலைவன் இல்லையெனில் வீட்டில் உள்ள வேறொருவர் போக வேண்டும். நிலம் தலைமுறைகளுக்கிடையே பங்காகிக் கையளவாயிற்று, பணியோ குறையவில்லை. அத்துண்டு நிலத்தை விட மனமின்றி மக்கள் ஊரை விட்டுப் பெயராமலும் வேறு தொழில் நாடாமலும் கட்டுண்டு கிடந்தனர். பெயரளவில் உடைமை, நடைமுறையில் அடிமைத்தளை.

சட்ட மேலவை உறுப்பினராகியிருந்த அண்ணல் 1928 மார்ச் மாதம் வதன் சட்டத்தைத் திருத்தும் மசோதாவைக் கொண்டுவந்தார். கட்டாயப் பணியினின்று மக்களை விடுவித்து, நிலத்தை அவர்களுக்கே உரியதாக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். அரசும் பிற உறுப்பினரும் துணை நில்லாமையால் மசோதா நிறைவேறவில்லை. அவர் மறைந்த பின்னர், 1958-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் இவ்வதன்கள் ஒழிக்கப்பட்டன.

கொங்கணத்தில் கோதி எனப்படும் முறை நிலவிற்று. கோத் என்பவர் அரசுக்கு வரி செலுத்திவிட்டு, உழவரிடம் தாம் விரும்பியவாறு வசூலித்தார். உழவனுக்குத் தான் உழும் நிலத்தில் உறுதியான உரிமை இல்லை. அவன் வரப்பை உயர்த்தினாலும் மரம் நட்டாலும் அதன் பயன் அவனைச் சேரும் என்ற உறுதி இல்லை. அத்தகைய நிலத்தில் எவன் முனைந்து உழைப்பான்? 1937 செப்டம்பரில் கோதி முறையை ஒழிக்க அண்ணல் மசோதா கொணர்ந்தார். 1938 சனவரியில் ஆயிரக்கணக்கான உழவர் பம்பாய்ச் சட்டமன்றம் நோக்கி அணிவகுத்தனர். அவர்களுள் மகர்கள் மட்டுமின்றிக் குன்பி முதலிய பிற சாதி உழவரும் இருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. அம்முறை 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது.

அரசில் அமர்ந்தபோது

1942 முதல் 1946 வரை வைசிராயின் நிருவாகக் குழுவில் அண்ணல் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தார். தொழிற்சாலைகளில் வாரத்துக்கு 54 மணியாக இருந்த வேலை நேரத்தை 48 ஆகக் குறைத்த சட்டம் 1946-இல் வந்தது. தாமோதர் ஆற்றுப் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு அடிகோலியதில் அவர் பங்கு பெரிது. வெள்ளத்தைத் தடுத்தல், பாசனம், மின்னாக்கம் மூன்றையும் ஒருங்கே கருதிய திட்டம் அது. மலிவான மின்சாரமின்றித் தொழில் வளராது. தொழில் வளர்ந்தாலன்றி நிலத்தின் சுமை குறையாது என்னும் 1918-ஆம் ஆண்டுச் சிந்தனையே இங்குச் செயல்வடிவம் பெற்றது.

1947-இல் அரசியல் நிருணய சபைக்காக அவர் எழுதிய அறிக்கை, உடைமை பற்றிய அவர் கருத்தை நன்கு காட்டுகிறது. அடிப்படைத் தொழில்களும் காப்பீடும் அரசிடம் இருக்க வேண்டும். வேளாண் நிலங்களை அரசு இழப்பீடு தந்து ஏற்று, சாதி வேறுபாடின்றி ஊர்மக்களுக்குக் கூட்டுப்பண்ணைகளாகக் குத்தகைக்கு விட வேண்டும் என அவர் முன்மொழிந்தார். குத்தகைச் சட்டமும் நில ஒருங்கிணைப்பும் ஏற்கெனவே நிலத்தோடு தொடர்புடையவருக்கே பயன் தரும். நிலமே இல்லாத 6 கோடித் தீண்டத்தகாத மக்களுக்கு அவற்றால் எதுவும் கிட்டாது என்பது அவர் வாதம். உடைமையுரிமையே வளர்ச்சிக்கு வழி எனப் போற்றுவோர் அண்ணலைத் தம் அணியில் அப்படியே சேர்த்துக்கொள்ள இயலாது. பசித்தவன் பிழைப்புக்காகத் தன் உரிமைகளையே விலையாகக் கொடுத்துவிடுவான் என்பதை அவர் கண்டிருந்தார். எனவே நில உரிமையாளனின் சுதந்திரம் கூலியாளின் அடிமைத்தனமாக மாறக் கூடாது என்றார்.

அவருடைய இத்திட்டம் அரசியல் சட்டத்தில் இடம்பெறவில்லை. ஆயினும் தீண்டாமை ஒழிப்பு 17-ஆம் பிரிவிலும், எத்தொழிலையும் மேற்கொள்ளும் உரிமை 19-ஆம் பிரிவிலும், கட்டாய உழைப்புக்குத் தடை 23-ஆம் பிரிவிலும் நிலைபெற்றன. சொத்துரிமையும் முதலில் அடிப்படை உரிமையாக இருந்தது. 1978-ஆம் ஆண்டின் 44-ஆவது திருத்தம் அதனை அடிப்படை உரிமைகளினின்று நீக்கிச் சட்ட உரிமையாக்கிற்று. அரசியலில் சமத்துவமும் பொருளாதாரத்தில் ஏற்றத்தாழ்வும் கொண்ட முரண்பட்ட வாழ்வுக்குள் நாடு நுழைகிறது என்று 1949 நவம்பர் 25-ஆம் நாள் அண்ணல் விடுத்த எச்சரிக்கை இன்றும் பொய்க்கவில்லை.

பெண்டிர்க்குச் சொத்து

நாட்டின் சரிபாதியினரான பெண்களுக்குச் சொத்தில் முழு உரிமை இல்லாதவரை நாட்டின் வளம் முழுமையாகாது. சட்ட அமைச்சராக அண்ணல் பெரிதும் பாடுபட்டது இந்து சட்டத் தொகுப்பு மசோதாவுக்காகவே. மகளுக்குத் தந்தை சொத்தில் பங்கும், பெண் தன் சொத்தை முழு உரிமையோடு ஆளும் நிலையும் வேண்டும் என அது வகுத்தது. எதிர்ப்பு வலுத்தது, மசோதா கைவிடப்பட்டது. 1951 செப்டம்பரில் அண்ணல் பதவி துறந்தார். தம் குலத்துக்காக மட்டும் உழைத்தவர் என அவரைக் குறுக்குவோர் இத்துறவை எண்ணிப் பார்க்கட்டும். 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு எனத் தமிழ்நாடு 1989-இலும், நாடு முழுமையும் 2005-இலும் சட்டம் செய்தன.

நம் கையில் உள்ள பணி

1956 டிசம்பர் 6-ஆம் நாள் அண்ணல் மறைந்தார். நகரத்தில் கற்றவருக்கு ஓரளவு வழி பிறந்தது. ஊரில் உள்ள நிலமற்ற கூலிகளுக்குத் தாம் போதிய நன்மை செய்ய இயலவில்லையே என்னும் கவலை அவரது இறுதி ஆண்டுகளில் அவரை வாட்டிற்று.

அக்கவலை நமக்கும் உரியது. 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணலோடு அமர்ந்து நம் மக்களுக்காக வாதாடியவர் செங்கற்பட்டு மாவட்டத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன். அதே மாவட்டத்தின் ஆட்சியராயிருந்த திரமென்கீர் 1891-இல் பறையர் நிலை குறித்து அளித்த அறிக்கையின் பின்னர், 1892-இல் சென்னை அரசு நம்மவர்க்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பிறருக்கு விற்கலாகாது என்னும் நிபந்தனையோடு வழங்கப்பட்ட அப்பஞ்சமி நிலங்களில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போய்விட்டது. அவற்றை மீட்கும் போராட்டத்தில் 1994-இல் செங்கற்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர் நீத்தனர். ஆணை பிறப்பித்தால் போதாது. அதைக் காக்கும் கல்வியும் ஒற்றுமையும் வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஆதலின் இளைஞர்களே, உங்கள் வீட்டு ஆவணங்களை எடுத்துப் பாருங்கள். பட்டா யார் பெயரில் உள்ளது, வில்லங்கம் ஏதும் உண்டா என அறிந்துகொள்ளுங்கள். எழுதப்படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பத்திரத்தைப் படித்துக் காட்டுங்கள்; படிக்காத தாளில் அவர்களைக் கைநாட்டு வைக்க விடாதீர்கள். வீட்டுமனையில் மனைவியின் பெயரும் மகளின் பங்கும் இடம்பெறச் செய்யுங்கள். ஒரு விழாவுக்காகவோ சீர்வரிசைக்காகவோ ஒரு துண்டு நிலத்தையும் இழக்காதீர்கள். பிறப்பால் வந்த தொழிலே உங்கள் தொழில் என எவர் சொன்னாலும் ஏற்காதீர்கள். புதிய தொழில்களைக் கற்றுத் துணிந்து இறங்குங்கள்.

அண்ணல் 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். மறு ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி எழுந்தது. எவரும் பறிக்க இயலாத உடைமை கல்வி என்பதையும், பிற உடைமைகளைக் காக்கும் வேலியும் அதுவே என்பதையும் தம் வாழ்வால் உணர்ந்தவர் அவர். நம் சங்கமும் இந்த இருபத்தைந்து ஆண்டுகளாக நடக்க முயல்வது அவர் காட்டிய அவ்வழியிலேயே. அண்ணலின் திருவுருவப் படத்துக்கு மாலை சூட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. நம்முள் கடையனுக்கும் கற்ற கல்வியும், விரும்பிய தொழிலும், தன் பெயரில் ஒரு துண்டு நிலமும் கிட்டும் நாளை விரைவுபடுத்துவதே நாம் அவருக்குச் செலுத்தும் உண்மையான நன்றியாகும். அந்நாள் வரும்போது வளம் பெறுவது நாம் மட்டும் அல்லோம். இந்நாடு முழுவதுமே வளம் பெறும்.